லெப்ட் அவுட் மாப்பிள்ளை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் மாமாவிடமிருந்து போன். பதினைந்தாம் தேதி சென்னையில் ஹாக்கி. இந்தியா – நெதர்லாந்து, தொடரின் கடைசி ஆட்டம். நான்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ரயில், லாட்ஜ் எல்லாம் சொல்லியாயிற்று. இரண்டு நாள் பட்டணம் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் ஆட்டம்.

"ஆட்டம் தெரிஞ்ச ஆளு பக்கத்துல உக்காந்து பாத்து எம்புட்டு நாளாச்சு மாப்ள!" என்றார்.

ஆட்டம் தெரிந்த ஆள் நான்.

எழுதி வைத்துவிடுகிறேன். நான் ஹாக்கி ஆடியதில்லை. ஒரு நாளும். மட்டையைத் தொட்டதுகூட இல்லை.

போன மே மாதம், பெண் பார்க்கப் போனபோது நடந்தது. மாமாவின் பெயர் வெயிலுமுத்து. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். (தீக்குச்சி செய்யும் இடத்தை அங்கே ஆபீஸ் என்கிறார்கள். என் அப்பா கல்யாணம் முடியும்வரை அவரைக் குமாஸ்தா என்றே நினைத்திருந்தார்.) வீட்டுச் சுவரில் சாமி படம் ஒன்று. ஹாக்கி அணிப் படங்கள் பதினான்கு. எனக்கு முன்னால் மூன்று பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒருவன், ஹாக்கி இன்னமும் ஆடுகிறார்களா என்று கேட்டானாம். தரகர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"தம்பி எதுவும் ஆடுவீகளா?" என்றார் மாமா.

"ஹாக்கி. யூனிவர்சிட்டி டீம்ல."

வாய் சொன்னது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்த எடம்?"

"லெப்ட் அவுட்."

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாவது மாடி. சன்னலுக்குக் கீழே ஹாக்கி மைதானம். இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து படித்தேன். அந்தச் சொல் அப்படியாக மேலே ஏறி வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் இடது கைக்காரன் சார். மட்டையையும் அப்படித்தான் பிடிப்பேன். அதனால லெப்ட்லயே போட்டுட்டாங்க."

மாமா என்னை நெடுநேரம் பார்த்தார். மதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க."

இரண்டே நாளில் சம்மதம் வந்தது. ஜூனில் கல்யாணம். இப்போது எட்டு மாதம். கட்டில், பீரோ, செண்பகவல்லி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கின்றன.

என்னை எதனால் பிடித்தது என்று செண்பகவல்லியிடம் ஒரு முறை கேட்டேன். "அப்பாவுக்குச் சரின்னு பட்டுச்சு" என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை.


பிப்ரவரி 6, வெள்ளி

கல்லூரி உடற்கல்வி ஆசிரியரிடம் ஹாக்கி விதிப் புத்தகம் கேட்டேன். ஒரு தமிழ் விரிவுரையாளருக்கு எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களை யாப்பு எழுதவிட்டு, மேசைக்கடியில் வைத்துப் படித்தேன். மட்டையின் இடது பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும். பந்தை அந்தப் பக்கத்தால்தான் அடிக்க வேண்டும். மனம் லேசானது. இடது கைக்காரர்களுக்கென்றே அமைந்த ஆட்டம் போலிருக்கிறது.


பிப்ரவரி 9, திங்கள்

யூடியூபில் ஏழு ஆட்டங்கள் பார்த்தேன். பந்து தெரியவில்லை.


பிப்ரவரி 12, வியாழன், ரயில்

நாங்கள் இருவரும் திருநெல்வேலியில் ஏறினோம். கோவில்பட்டியில் மாமாவும் அத்தையும். அத்தைக்குப் பின்னால் ஆறு பைகள்.

"எத்தன நாளைக்கும்மா போறோம்?" என்றாள் செண்பகவல்லி.

"சாப்பாடு மட்டுந்தான் புள்ள. துணி உங்கப்பா பையில கெடக்கு."

அத்தையின் பெயர் ராஜபுஷ்பம். ஹாக்கியைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் சொல்லிக் கேட்டதில்லை. "எனக்கு அந்த மெட்ரோ ரயில்ல ஒரு தடவ போகணும் மாப்பிள்ளை. மத்தபடி உங்க மாமா எங்க இழுத்தாலும் வாரேன். முப்பது வருசமா வந்துக்கிட்டுதான இருக்கேன்."

தொடர் இரண்டுக்கு இரண்டு என்று நிற்கிறதாம். ஞாயிறு ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. மாமா இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நெதர்லாந்துக்காரன் எடது பக்கமாத்தான ஏறுறான். நம்ம ஆளு என்ன செய்யணுங்கீக?"

"தடுக்கணும்," என்றேன்.

"அம்புட்டுதான்!" என்று தொடையில் தட்டினார். செண்பகவல்லி சன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். அவளும் பள்ளிக்கூட அணியில் ஆடியவள். வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு விடைத்தாள் திருத்த வேண்டியிருக்கும்.


பிப்ரவரி 13, வெள்ளி, சென்னை

எழும்பூரில் லாட்ஜ். பக்கத்தில் அருங்காட்சியகம். வெண்கலச் சிலைகள் முன் நான் அரை மணி நேரம் நின்றேன். மாமா ஒரு நடராசரைச் சுற்றி வந்து, "பேலன்ஸப் பாருங்க மாப்ள. இவரு நல்ல சென்டர் ஹாப்" என்றார். நான் படித்த எந்த விளக்கத்திலும் இது இல்லை.

மெட்ரோ. நகரும் படிக்கட்டின் முன் அத்தை நின்றுவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டார். "நீங்க போங்க. நீங்க போங்க." பத்து நிமிடம். திடீரென்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மறுபக்கமாக இறங்கி வந்து மீண்டும் ஏறினார். மூன்று முறை. ரயிலில் ஏறுவது பற்றிப் பிறகு யாருக்கும் நினைவு வரவில்லை. நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

மாலை பெரியமேடு. ஒரு தெரு முழுக்க விளையாட்டுச் சாமான் கடைகள்.

"ஒங்களுக்கு ஒரு மட்டை வாங்கித் தரணும்னு ரொம்ப நாளா நெனப்பு," என்றார் மாமா. "ஒங்க கைக்குத் தோதானத நீங்களே கேளுங்க."

கேட்டேன். "லெப்ட் ஹேண்ட் ஹாக்கி மட்டை காட்டுங்க."

"என்னது சார்?" என்றார் கடைக்காரர்.

"இடது கைக்காரங்க ஆடுற மட்டை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தார். எனக்குப் பின்னால் மாமா நின்றிருந்தார். கடைக்காரர் சட்டென்று குனிந்து மேசைக்கடியில் எதையோ வெகுநேரம் தேடினார். முதுகு குலுங்கியது. எழுந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஸ்டாக் இல்ல சார். வர வர வித்துப் போயிடுது."

சென்னையில் இடது கைக்காரர்கள் அதிகம் போலிருக்கிறது. சாதாரண மட்டை ஒன்றை மாமா தேர்ந்தெடுத்தார். "இத வச்சு சமாளிங்க மாப்ள."

செண்பகவல்லி கடைக்கு வெளியே போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி விழுந்துவிட்டதாம்.


பிப்ரவரி 14, சனி

காலை மெரினா. அத்தை அலையில் நின்றார். நான் சவாரிக் குதிரை ஒன்றைத் துரத்திப்போய்த் தொட்டேன். செண்பகவல்லி சுண்டல் வாங்கி வந்து கடைசிப் பட்டாணிவரை எனக்குப் பங்கு கொடுத்தாள். காதலர் தினம் என்று பலூன் விற்றவர் சொல்லித்தான் தெரிந்தது. பலூனை அத்தை வாங்கிக்கொண்டார். நன்றாக இருந்த காலை. அங்கேயே முடித்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு மாமாவின் போன் அடித்தது. ஆட்டம் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருக்கிறார்கள். மாமாவோடு ஆடியவர்கள். நாளைக் காலை ஒரு பள்ளி மைதானத்தில் விளையாட்டுக்கு ஒரு விளையாட்டு. ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், சென்னையிலேயே தங்கிவிட்ட ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். ஒருவருக்கு மூச்சு வாங்குகிறதாம். ஒரு ஆள் குறைகிறது.

"கொறையாதுல!" என்று போனில் கத்தினார் மாமா. "எம் மாப்பிள்ளை இருக்காருல்ல!"

அலைச்சத்தம். எனக்கு முழங்கால் வலித்தது.

"எப்ப இருந்து?" என்றாள் செண்பகவல்லி.

"காலையில இருந்தே."

"மணல்ல ஓடிப்போய்த்தான் அந்தக் குதிரையைத் தொட்டீங்க?"

"அப்பத்தான் பிடிச்சிருக்கும்."

அறைக்கு வந்ததும் அத்தை தைலம் எடுத்து வந்து வலது முழங்காலில் தேய்த்தார். சாயங்காலம் டீ வாங்க நொண்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது செண்பகவல்லி அமைதியாகச் சொன்னாள். "நொண்டுற காலை மாத்திட்டீங்க."

இப்போது இரண்டு முழங்காலிலும் தைலம். அறை முழுக்க யூகலிப்டஸ்.

நாளைக் காலை சொல்லிவிட வேண்டும். மாமாவிடம். பொய் சொன்னது அவரிடம், ஆகவே அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. செண்பகவல்லி தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டே, "என்கிட்ட எதுவும் சொல்லணுமா?" என்றாள். இல்லை என்றேன்.


பிப்ரவரி 15, ஞாயிறு

காலை. செம்மண் மைதானம். ஐம்பதைத் தாண்டிய பத்துப் பேர், பனியன் இறுக்கமாக. ஒருவரையொருவர் பட்டப்பெயரால் கூப்பிட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு விஷயம்."

"சொல்லுங்க மாப்ள."

"நான் ஆடினதில்ல."

"எத?"

"ஹாக்கி."

"எப்ப?"

"எப்பவுமே."

முடிச்சை இழுத்து முடித்தார். அடுத்த காலைத் தூக்கி வைத்தார்.

"அது தெரியும் மாப்ள. இப்பப் பத்துப் பேருதான் இருக்கோம். சட்டையப் போடுங்க."

இரவெல்லாம் ஒத்திகை பார்த்த அடுத்த ஒன்பது வாக்கியங்கள் தேவைப்படவில்லை.

"எப்படித் தெரியும்?"

மட்டையை எடுத்து என் முன்னால் பிடித்தார். "பாருங்க. ஒரு பக்கம் தட்டை. ஒரு பக்கம் உருண்டை. ஒலகத்துல இருக்க அம்புட்டு மட்டையும் இப்பிடித்தான். எடது கைக்காரன்னாலும் சோத்தாங்கைக்காரன் மாதிரிதான் பிடிச்சாகணும். எடது கைக்குன்னு மட்டையே கெடையாது. கோவில்பட்டியில பால்வாடிப் புள்ளைக்கும் இது தெரியும்."

"அப்ப அந்தக் கடைக்காரர்?"

"நாந்தான் பின்னால நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். காட்டிக் குடுத்திராதீகன்னு."

"அன்னிக்கே தெரிஞ்சும் எனக்கு ஏன் பொண்ணு குடுத்தீங்க மாமா?"

"நானா குடுத்தேன்?" எழுந்து மைதானத்துக்கு நடந்தார். "பையன் புளுகன், வேண்டாம்னுதான் நான் சொன்னேன். என்னைய எதுக்குக் கேக்கீக? அங்க உக்காந்திருக்கா, அவளக் கேளுங்க."

கோட்டுக்கு வெளியே புல்லில் செண்பகவல்லியும் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிளாஸ்க். நான் வருவதைப் பார்த்து அத்தை எழுந்து, பார்க்க எதுவுமில்லாத ஒரு மரத்தைப் பார்க்கப் போனார்.

"உனக்கும் தெரியுமா?"

"அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். இடது கை மட்டைன்னதும் சிரிப்புத் தாங்கல. அம்மா வாயைப் பொத்திட்டாங்க." பிளாஸ்க் மூடியைத் திருகினாள். "இவ்வளவு மோசமாப் பொய் சொல்ற மனுஷனால வாழ்க்கையில எதையும் மறைக்க முடியாதுன்னு நெனச்சேன். இவரே போதும்னு அப்பாகிட்டச் சண்டை போட்டேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கல்யாணமான முதல் வாரத்துல சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் தீபாவளிக்கு. அப்புறம் பொங்கலுக்கு. எட்டு மாசம் ஆச்சுங்க."

"உனக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சே."

"எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதுல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு தினம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்கல்ல?" மூடியை மீண்டும் இறுக்கினாள். "இன்னிக்கும் அப்பாகிட்டத்தான் போய்ச் சொல்லியிருக்கீங்க. நேத்து நானே கேட்டேன்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். விசில் அடித்தது. "மாப்ளே!" என்று மாமா கத்தினார். "அந்தக் கோட்டுகிட்ட நில்லுங்க! நின்னாப் போதும்!"

நின்றேன். பந்து நினைத்ததைவிடக் கெட்டி. கணுக்காலில் ஒரு வீக்கம், இதுவரையான வலிகளில் இது மட்டும் உண்மை. எங்கள் பக்கம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்றது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுவே குறைதான்.

மதியம் சாப்பிடும்போது செண்பகவல்லி எனக்கு ரசம் ஊற்றினாள். எல்லாருக்கும் ஊற்றுவது போல.

மாலை நான்கு மணி. விளையாட்டரங்கம். நீலத் தரை, அதில் தண்ணீர் தெளித்து மினுமினுப்பு. எங்கே பார்த்தாலும் கொடி. பின்வரிசையில் ஒரு கூட்டம் பறை கொண்டுவந்திருந்தது. மாமா, அத்தை, செண்பகவல்லி, ஓரத்தில் நான்.

முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒன்று தெரிந்தது. இந்த வீட்டில் ஆட்டம் தெரிந்தவர் அத்தை. இருக்கையின் மேல் ஏறி நின்றார். "கால்ல பட்டுச்சுய்யா! கார்னர் குடு! ஒனக்குக் கண்ணு எங்க இருக்கு?" நடுவர் இரு கையையும் கோல் பக்கம் நீட்டிக் கார்னர் கொடுத்தார். அத்தை உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். "இந்தாங்க மாப்பிள்ளை, முறுக்கு."

முதல் முறையாக நான் கேட்க ஆரம்பித்தேன். ஏன் நின்றார்கள்? அது என்ன பச்சைச் சீட்டு? ஆப்சைடு எப்போது?

"ஹாக்கியில ஆப்சைடே கெடையாது மாப்ள. எடுத்து வருசக்கணக்காச்சு," என்றார் மாமா. அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சிதான். எட்டு மாதமாக என்னிடம் எதையும் விளக்க முடியாமல் தவித்திருக்கிறார்.

கடைசிப் பகுதி. இரண்டுக்கு இரண்டு. நாலு நிமிடம் மிச்சம். பறை அடிக்கிறார்கள், யாரும் உட்காரவில்லை. நான் செண்பகவல்லியின் காதருகே குனிந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்ன?"

"நான் ஹாக்கி ஆடினதில்ல."

"கேக்கல!"

"ஹாக்கி ஆடினதில்ல!"

"பறை அடிக்கிறாங்க, கேக்கலங்க!"

கேட்கிறதா, கேட்கவில்லையா, தெரியவில்லை. அவள் முகம் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. அதற்குள் இந்திய ஆட்டக்காரர் ஒருவரைக் கோல் முன்னால் தள்ளிவிட்டார்கள். பெனால்டி ஸ்ட்ரோக். ஒரே ஆள், ஒரே பந்து, எதிரே கோலி. நான் அதைக் கவனிக்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டிருந்தேன். பறை நின்றதும், பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடியதும் எனக்குத் தெரியாது.

"நான் ஹாக்கி ஆடினதே இல்ல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "அன்னிக்கு உன் வீட்ல சொன்னது பொய்! உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்!"

அரங்கம் முழுக்க அது மட்டும் கேட்டது.

முன்வரிசையில் ஒருவர் திரும்பினார். தலையில் கொடி கட்டியிருந்தார்.

"நானும்தான் சார் ஆடினதில்ல. அதுக்கென்ன இப்ப? உக்காருங்க, மறைக்குது."

செண்பகவல்லி திரும்பி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வர. அடுக்களையில் அத்தை பொத்தியது இதைத்தான்.

"இப்பக் கேட்டுச்சு," என்றாள்.

அப்போது சுற்றிலும் எல்லாரும் குதித்தார்கள். மாமா யாரோ முன்பின் தெரியாதவரைக் கட்டிப்பிடித்திருந்தார். அத்தை இருக்கைமேல் நின்றார். மூன்றுக்கு இரண்டு, கடைசிவரை அதுவே; கோப்பை நமக்கு. அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து, அந்தக் கோலை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.


பிப்ரவரி 16, திங்கள், பகல் ரயில்

கணுக்கால் வீக்கத்துக்கு செண்பகவல்லி ஈரத்துணி சுற்றிவிட்டாள். "இது எந்தக் கால்னு நான் குறிச்சு வச்சுக்கறேன்" என்றாள்.

விழுப்புரம் தாண்டியதும் எதிர் இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தார். விருதுநகரில் இறங்குகிறவர். மட்டையைப் பார்த்துவிட்டார்.

"தம்பி ஹாக்கி ஆடுவீகளோ?"

மாமா செய்தித்தாளைத் தாழ்த்தினார். அத்தை முறுக்கை நிறுத்தினார். செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லைங்க," என்றேன். "நேத்து ஒரு நாள்தான் ஆடினேன். பந்து மூணு தடவ என்கிட்ட வந்துச்சு."

"ரெண்டு தடவ மாப்ள," என்றார் மாமா. "மூணாவது கால்ல பட்டுச்சு. கால்ல பட்டது ஆட்டத்துல சேராது."

"ரெண்டு தடவ," என்று எதிர் இருக்கைக்காரரிடம் திருத்திச் சொன்னேன்.